ஆபரேஷன் நல்லபடியா முடிந்தது, அப்பா ஏன் குழம்பிப்போனார்?

வாசகர் கேள்விகளுக்கு மயக்கவியல் டாக்டரின் பதில்கள்

வயதானவர்களின் ஆபரேஷன் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். இதயம் தாங்குமா, சர்க்கரை ஏறுமா என்றுதான் கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூளையைப் பற்றி இருந்தன. ரொம்ப நல்லது, ஏனென்றால் ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம் இது.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. மறுநாள் நன்றாகப் பேசினார். இரண்டாம் நாள் ராத்திரி கையில் இருந்த ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டார், மூலையில் யாரோ நிற்பதாகச் சொன்னார், என்னைப் பார்த்தே "நீ யாரும்மா" என்று கேட்டார். "வயசானா இப்படித்தான், தானா சரியாயிடும்" என்று வார்டில் சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வந்து முக்கால்வாசி தேறிவிட்டார். மயக்க மருந்து அவர் மூளையைக் கெடுத்துவிட்டதா டாக்டர்?

இல்லை. பெற்ற அப்பாவே யார் நீ என்று கேட்ட ராத்திரியை நீங்கள் சீக்கிரம் மறக்க மாட்டீர்கள், அதனால் முதலில் இந்த "இல்லை"யைச் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வந்தது டெலிரியம், அதாவது உடம்பில் ஏற்படும் கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வரும் சிக்கல்களில் அடிக்கடி வருவது இதுதான். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் ஆரம்பிக்கும், ஏறும் இறங்கும், காலையில் தெளிவாக இருப்பவர் பொழுது சாய்ந்ததும் வேறு ஆளாகிவிடுவார். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வந்து "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் அழகாகப் பதில் சொல்வார், அதனாலேயே பல பேருக்கு இது கேஸ் ஷீட்டில் பதிவாகாமல் போய்விடுகிறது.

மயக்க மருந்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் பழியை முழுக்க அதன் மேல் போட்டுவிட்டால் திருத்தக்கூடிய மற்ற காரணங்கள் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். எலும்பு முறிந்ததும் அதற்காகக் கத்தி வைத்ததும் உடம்பு முழுக்க ஒரு அழற்சியைக் கிளப்புகிறது, அதன் தாக்கம் மூளைக்கும் போகிறது. அதோடு வலி, வலிக்குக் கொடுத்த மருந்து, தூங்கவிடாத வெளிச்சமும் சத்தமும், தண்ணீர் குறைந்து ரத்தத்தில் சோடியம் இறங்குவது, ஆக்சிஜன் குறைவது, சிறுநீர் கட்டிக்கொள்வது, நான்கு நாளாக மலம் போகாமல் இருப்பது, எங்கோ ஆரம்பிக்கும் நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ, கண்ணாடியைக் கழற்றி டிராயரில் வைத்துவிட்டதால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாமல் போவது. இளம் வயது மூளைக்குக் கையிருப்பு நிறைய, இதில் நான்கைந்து சேர்ந்து வந்தாலும் சமாளித்துவிடும். 74 வயதில் அந்தக் கையிருப்பு குறைந்திருக்கும், இரண்டு போதும்.

இடுப்பு எலும்பு முறிவில் இன்னொன்றும் சேர்கிறது. இது நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் இல்லை. கீழே விழுந்த அதிர்ச்சி, வலி, வெறும் வயிறு, காத்திருப்பு எல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடும். அதனால்தான் முடிந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள், காத்திருக்கும்போதே வலிக்கு நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுங்கள் என்கிறோம்.

"வயசானா இப்படித்தான்" என்று சொன்னார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. வயதானால் மூச்சுத் திணறும் என்று யாரும் விட்டுவிடுவதில்லையே. திடீர்க் குழப்பம் என்பது உடம்பில் எங்கோ ஏதோ சரியில்லை என்று மூளை கொடுக்கும் எச்சரிக்கை, ரத்தப் பரிசோதனையில் ஆரம்பித்து மருந்துச் சீட்டு வரைக்கும் தேடிப் பார்க்க வேண்டிய விஷயம். தடுக்கவும் முடியும். 1999ல் ஷேரன் இனோயே என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவருடைய குழுவும் 70 வயதைத் தாண்டிய 852 உள்நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் இல்லை, பொது மருத்துவ வார்டில் சேர்ந்தவர்கள். புது மருந்து எதுவும் கிடையாது. தூங்கவிட்டார்கள், நடக்கவைத்தார்கள், தண்ணீர் குடிக்கவைத்தார்கள், கண்ணாடியையும் காது மிஷினையும் எடுத்துக் கொடுத்தார்கள், பேச்சுக்கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களையே வைத்து 2001ல் வந்த சின்ன ஆய்வு ஒன்றில், முதியோர் மருத்துவர் தினமும் வந்து பார்த்தபோது 50 சதவீதம் 32 ஆக இறங்கியது.

உங்கள் அப்பா முக்கால்வாசி தேறிவிட்டார் என்றால் மீதியும் தேற வாய்ப்பு அதிகம். பலருக்குச் சில நாட்களில், சிலருக்கு வாரக்கணக்கில் தெளியும். அந்த ராத்திரி அவருக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கலாம், உங்களை யாரென்று கேட்டது நினைவிருந்து கூனிக்குறுகலாம். அது நோய் பேசியது, நீங்கள் பேசவில்லை என்று அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரியில் டெலிரியம் என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு முறை வந்தவருக்கு அடுத்த முறையும் வரலாம், அடுத்த ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

கேள்வி: அம்மாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். எந்தத் தொந்தரவும் தரவில்லை, நாள் முழுக்கத் தூங்குகிறார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொள்கிறார். சமத்தாக இருக்கிறார் என்கிறார்கள். எனக்குத்தான் மனசு சரியில்லை.

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள், இப்போதே போய் நர்ஸிடம் சொல்லுங்கள்.

டெலிரியம் என்றால் கத்துவதும் ட்ரிப்ஸைப் பிடுங்குவதும் மட்டும் இல்லை. சத்தமே இல்லாமல் வருவதும் உண்டு, வயதானவர்களுக்கு அந்த வகை ரொம்பவே சகஜம். கத்துபவரை வார்டே வந்து பார்க்கும், இவர்களை யாரும் பார்ப்பதில்லை. சாப்பிடாமல், அசையாமல் கிடப்பதால் நுரையீரலில் சளி கட்டுவது, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

நீங்களே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். நன்றாக எழுப்பி, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள், சனி, வெள்ளி, வியாழன் என்று. வழக்கமாகச் சுலபமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்துபோனால், அல்லது கேள்வியையே பிடித்துவைக்க முடியாமல் தூங்கிப்போனால், "நேத்து இப்படி இல்லை, இது புதுசு" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வாக்கியம் முக்கியம். அம்மா இயல்பில் எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அவரை நேற்று முதல்முறையாகப் பார்த்த டாக்டருக்குத் தெரியாது.

ஒரு பக்கம் வாய் கோணுவது, கையோ காலோ தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது இருந்தால் டெலிரியம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கேள்வி: முழு மயக்கம் கொடுக்காமல் முதுகில் ஊசி போட்டுச் செய்தால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்களே?

நாங்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினோம். கேட்கவும் நியாயமாக இருக்கிறது, மருந்து மூளைக்குப் போகவில்லை என்றால் மூளைக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் 2021ல் 1600 இடுப்பு எலும்பு முறிவு நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்த மாதிரி இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு வந்தது. முதுகில் ஊசி போட்டவர்களில் 20.5 சதவீதம், முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, அதாவது வித்தியாசமே இல்லை. அடுத்த வருடம் சீனாவிலிருந்து வந்த ஆய்வும் அதையேதான் சொன்னது.

அதனால் முதுகு ஊசியா முழு மயக்கமா என்பதை இதயம், நுரையீரல், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, முதுகெலும்பின் நிலை இதையெல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். முதுகு ஊசி போட்டுவிட்டு, கூடவே ஆழமாகத் தூங்கவும் மருந்து கொடுத்தால் மூளைக்கு மருந்து போகத்தான் செய்கிறது என்பதையும் யோசியுங்கள். "முடிந்தவரை லேசாக வையுங்கள், மிடாசோலம் தவிர்க்க முடியுமா" என்று கேட்பது நல்ல கேள்வி, மிடாசோலம் என்பது டயஸிபாம் வகைத் தூக்க மருந்து.

வயது ஏற ஏற மயக்க மருந்தின் தேவை குறைகிறது, 40 வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 6 சதவீதம் வீதம். 80 வயதுக்காரருக்கு 40 வயதுக்காரரின் அளவைக் கொடுத்தால் அது அதிகப்படி. நெற்றியில் ஒட்டும் பட்டை வழியாக மூளையின் மின்னலைகளைப் பார்த்து அளவை ஒழுங்கு செய்யும் கருவியும் உண்டு. அது டெலிரியத்தைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் குறைந்தது, 2019ல் வந்த பெரிய ஆய்வில் குறையவில்லை. இருந்தால் நல்லது, இல்லையென்றால் அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன். என் அக்காவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம் புத்தி தடுமாறியதைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஆகாமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

ஒரு மாதம் இருக்கிறது, அது பெரிய சொத்து. எலும்பு முறிந்து வருபவர்களுக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை.

மருந்தில் ஆரம்பியுங்கள், ஏனென்றால் குழப்பத்துக்கான காரணங்களில் சுலபமாக மாற்றக்கூடியது அது. நீங்கள் சாப்பிடும் எல்லாவற்றையும், டாக்டர் எழுதியது, கடையில் நீங்களாக வாங்கியது, யாரோ நல்லது என்று கொடுத்தது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மயக்கவியல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் கண் முதலில் தேடுவது தூக்க மாத்திரையும் பதற்றத்துக்கான மாத்திரையும், அதாவது டயஸிபாம், லோராஸிபாம், அல்ப்ராஸோலம், ஸோல்பிடெம் வகையறா. அடுத்தது சளி, அலர்ஜி மாத்திரைகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அடிக்கடி வருவதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின். இவை மூளையில் அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தடுக்கின்றன, ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அது வேண்டும், வயதானால் அது ஏற்கெனவே குறைவு. முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று பீர்ஸ் பட்டியல் ஒன்று 1991 முதல் இருக்கிறது, இவற்றில் பெரும்பாலானவை அதில் உண்டு.

ஆனால் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே தூக்க மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! பல மாதமாகச் சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, நாம் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதே குழப்பம் எல்லாம் வரும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், டாக்டர் சொல்லும் கணக்கில். அதற்குத்தான் இந்த ஒரு மாதம்.

ஞாபகச் சோதனை ஒன்று செய்துகொள்ளச் சொன்னால் கோபப்படாதீர்கள். மூன்று வார்த்தைகளைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, அப்புறம் அந்த மூன்றையும் திரும்பக் கேட்பார்கள், சில நிமிடம்தான் ஆகும். ரத்த அழுத்தம் பார்க்காமல் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை, மூளையை மட்டும் பார்க்காமலே தியேட்டருக்குள் கொண்டுபோகிறோம், இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். உங்கள் ஆஸ்பத்திரியில் அவர்களாகச் செய்யவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் மாறியிருக்கிறதா என்று சொல்ல முடியும்.

ரத்தசோகை இருந்தால் இந்த மாதத்தில் சரிசெய்யலாம். தினமும் நடங்கள், மூட்டு வலிக்கிற அளவுக்குள். மனச்சோர்வு இருந்தால் மறைக்க வேண்டாம், அதுவும் டெலிரியத்துக்கு வாய்ப்பைக் கூட்டுகிறது. மூளைக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தால் உதவுமா என்று கேட்பார்கள். 2020ல் அமெரிக்காவில் டேப்லெட்டில் விளையாட்டுகள் கொடுத்துப் பார்த்ததில், விளையாடியவர்களில் 14.4 சதவீதம், மற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. உறுதியாகச் சொல்ல அந்த எண்ணிக்கை போதவில்லை, ஆனால் கெடுதல் ஒன்றும் இல்லை, பிடித்தால் செய்யுங்கள்.

பட்டினி பற்றி ஒரு வார்த்தை. முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீரே தொடக்கூடாது என்று பல இடங்களில் இன்னும் சொல்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் மயக்கவியல் வழிகாட்டுதல். வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு, சிலவகை சர்க்கரை நோயாளிகளுக்கு, கணக்கு வேறு, அதனால் உங்களுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்துபோன உடம்போடு தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: மாமனார் தினமும் ராத்திரி கொஞ்சம் குடிப்பார். "டாக்டர்கிட்ட சொல்லாதே, மானம் போயிடும்" என்கிறார். சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லியே ஆக வேண்டும். தினமும் குடித்துப் பழகியவருக்கு ஆஸ்பத்திரியில் திடீரென்று நின்றுபோனால் இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, வலிப்பு, பயங்கரமான குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தான நிலை அது. முன்கூட்டியே தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது. மற்ற முதியவர்களுக்கு நாங்கள் தவிர்க்கும் அதே டயஸிபாம் வகைதான் இவருக்குத் தேவைப்படும், விஷயம் தெரியாவிட்டால் தவறான வைத்தியம் நடக்கும். மாமனாரிடம், "மாமா, எத்தனை பெக் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், அவர்கள் உங்களை எடைபோட மாட்டார்கள்" என்று எடுத்துச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் நீங்கள் தனியாக வந்து சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஆரம்பநிலை மறதி நோய் இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா, விட்டுவிடலாமா?

ஆம் இல்லை என்று கடிதத்தில் சொல்ல முடியாத கேள்வி இது, ஆனால் எப்படி முடிவெடுப்பது என்று சொல்லலாம்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நிறைய அதிகம், வந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாமல் ஒரு படி கீழேயே நின்றுவிடலாம். அதே சமயம், கல் அடிக்கடி வலியும் தொற்றும் கொடுத்தால், கடைசியில் நடுராத்திரி அவசர ஆபரேஷனாகச் செய்ய நேர்ந்தால், அதுதான் மூளைக்கு எல்லாவற்றையும்விட மோசம். ஆகவே சர்ஜனிடம் கேட்க வேண்டியது: செய்யாவிட்டால் அடுத்த வருடத்தில் என்ன நடக்கும்? எந்தத் தொந்தரவும் தராத கல் என்றால் பெரும்பாலும் விட்டுவைக்கலாம். தொந்தரவு தருகிறது என்றால் நிதானமாகத் திட்டமிட்டுச் செய்வது நல்லது. அம்மா என்ன விரும்புகிறார் என்பதையும் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஆரம்பநிலையில் அவரால் சொல்ல முடியும், அவர் தலைக்கு மேலாக மற்றவர்கள் பேசி முடித்துவிடக் கூடாது.

பார்க்கின்சன் நோய் இருப்பவர்களின் வீட்டாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: லெவோடோபா மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடும் குழப்பத்துக்கு ஹாலோபெரிடாலும் அவர்களுக்கு ஆகாது. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து வார்டில் இருக்கும்போது கூட இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? சும்மா உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களால் என்ன முடியும்?

நிறைய முடியும். தைவானில் வயிற்று ஆபரேஷன் ஆன முதியவர்களுக்கு நர்ஸ்கள் மூன்று விஷயங்களை மட்டும் தினமும் செய்தார்கள்: பேசி இடம், நாள், நேரம் நினைவூட்டுவது, வாயைச் சுத்தம் செய்து சாப்பிட உதவுவது, சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது. 2017ல் வந்த அந்த ஆய்வில் டெலிரியம் 15.1 சதவீதத்திலிருந்து 6.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த மூன்றுக்கும் உங்களால் கைகொடுக்க முடியும்.

கண்விழித்த உடனே கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றும் திரும்ப அவரிடம் வந்தாக வேண்டும். பெயர் எழுதிய டப்பாவில் போட்டு நீங்களே கையில் வைத்திருங்கள், தியேட்டர் வாசலில் தொலைவது ரொம்ப சகஜம். காது மிஷினுக்குப் புது பேட்டரி போட்டு வையுங்கள். காது கேட்காமல், கண் தெரியாமல், முகமூடி போட்டவர்கள் சுற்றி நிற்கும் அறையில் கண்விழித்தால் யாருக்கும் குழப்பம் வரும்.

பகலில் ஜன்னல் திரையைத் திறந்து வையுங்கள், நாற்காலியில் உட்காரவையுங்கள், நர்ஸ் அனுமதித்ததும் நான்கடி நடக்கவையுங்கள். ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், நடுராத்திரி ரத்த அழுத்தம் பார்ப்பதை இடைவெளி விட்டுச் செய்ய முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவைதானா என்று தினமும் கேளுங்கள், தேவையில்லாத குழாய் தொற்றையும் கொடுக்கும், படுக்கையோடும் கட்டிப்போடும். மலம் போனதா என்பதை விசாரியுங்கள், இதை யாரும் கேட்க மறந்துவிடுவார்கள்.

வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலி மருந்தால் குழப்பம் வருமே என்று பயந்து மருந்தே வேண்டாம் என்கிறார்கள் சிலர், ஆனால் அடங்காத வலியும் டெலிரியத்தைக் கொண்டுவரும். பாரசிட்டமால் நேரந்தவறாமல் கொடுப்பது, நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி, அதற்கு மேல் தேவைப்பட்டால் குறைந்த அளவில் ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி மருந்து, இப்படித்தான் போக வேண்டும். அந்த வகையில் பெத்திடின் மட்டும் முதியவர்களுக்கு வேண்டாம்.

குழப்பம் வந்தேவிட்டது என்றால் வாதாடாதீர்கள். மூலையில் ஆள் நிற்கிறார் என்றால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை, உளறாதே" என்று அதட்டவும் வேண்டாம், "ஆமாம் நிற்கிறார்" என்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "நான் இருக்கேன்ப்பா, இது ஆஸ்பத்திரி, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு, நாளைக்கு அண்ணன் வரான்" என்று மெதுவான குரலில், சின்னச் சின்ன வாக்கியமாக, எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று "என்னை யாருன்னு தெரியுதா" என்று தேர்வு நடத்துவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், பழகிய ஒருவரோ இருவரோ மாறி மாறி இருந்தால் போதும். கையைக் கட்டிப்போடுவது குழப்பத்தை அதிகமாக்கும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் பல சமயம் கட்ட வேண்டிய அவசியமே வராது. ஐசியூவில் கூட இருக்க விடமாட்டார்கள் என்றால், குறிப்பிட்ட நேரத்திலாவது ஒருவரை விடுங்கள் என்று கேளுங்கள், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், இப்போது பல ஐசியூக்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: மயக்க மருந்து கொடுத்தால் பின்னாளில் அல்ஸைமர் என்ற மறதி நோய் வரும் என்று படித்தேன். உண்மையா?

இந்தப் பயம் புதிதில்லை. 1955லேயே பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர், மயக்க மருந்துக்குப் பிறகு முதியவர்களின் மூளை பாதிக்கப்படுவதைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 1998ல் அதே இதழில் 60 வயதைத் தாண்டிய 1218 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. ஆபரேஷன் ஆகி ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேரிடமும், மூன்று மாதத்தில் 9.9 சதவீதம் பேரிடமும் ஞாபகம், கவனச் சோதனைகளில் சரிவு தெரிந்தது. ஆபரேஷன் ஆகாதவர்களில் மூன்று மாதத்தில் அது 2.8 சதவீதம். ஆக, சில மாதம் மந்தமாக இருப்பது நிஜம், கற்பனை இல்லை. ஆனால் ஒன்று இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தன.

2016ல் டென்மார்க்கில் 8503 இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் மூளைத் திறனில் வித்தியாசம் மிக மிகச் சின்னது, இடுப்பு, முழங்கால் மாற்று செய்துகொண்டவர்கள் கொஞ்சம் மேலேகூட இருந்தார்கள். மயக்க மருந்து அல்ஸைமரைக் கொண்டுவருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஏற்கெனவே உள்ளே மெல்ல வளர்ந்துகொண்டிருந்த மறதி நோய், ஆபரேஷன் கொடுத்த அதிர்ச்சியில் வெளியே தெரிய வருவது நடக்கிறது, டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் ஞாபகம் வேகமாகக் குறைவதும் நடக்கிறது. அதனால் நான் பயப்படுவது டெலிரியத்துக்கு, மயக்க மருந்துக்கு அவ்வளவு இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2019ல் 65 வயதைத் தாண்டிய 1114 பேருக்கு ஆபரேஷன் ஆனபின் மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். வெளியே எந்த அறிகுறியும் தெரியாத சின்னப் பக்கவாதம் 14 பேரில் ஒருவருக்கு இருந்தது, ஒரு வருடம் கழித்து அவர்களுக்கு ஞாபகச் சரிவும் அதிகமாக இருந்தது. அதனால் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அவசரமில்லாத ஆபரேஷனை குறைந்தது மூன்று மாதமாவது, முடிந்தால் இன்னும் கூடுதலாகத் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாகத் தொடரவும் வேண்டாம், எதை எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: இதய ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம். உடம்பு தேறிவிட்டது. ஆனால் பேப்பர் படித்தால் மனதில் நிற்பதில்லை, கணக்கு பிசகுகிறது. மனைவி கவலைப்படுகிறார். எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஐந்து வாரத்தில் இது பலருக்கு இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தெளிந்துவிடும். அதுவரை சொத்துப் பத்திரம், பெரிய பணப் பரிமாற்றம் போன்றவற்றில் கையெழுத்துப் போடுவதைத் தள்ளிவையுங்கள், கவனம் முழுதாகத் திரும்பியதாக டாக்டர் சொன்ன பிறகு வண்டி ஓட்டுங்கள். மாத்திரைகளைக் கிழமை எழுதிய டப்பாவில் மனைவி போட்டுக் கொடுக்கட்டும். தினமும் நடங்கள், மனிதர்களோடு பேசுங்கள், ராத்திரி குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதற்குத் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நிறையப் பேருக்கு மந்தத்தின் காரணமே அங்கேதான் இருக்கிறது. தூக்கம் வரவில்லை, எதிலும் விருப்பமில்லை, அழுகை வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், இதய ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவது, சிகிச்சைக்குக் கேட்கும்.

மூன்று மாதம் ஆகியும் முன்னேற்றமே இல்லை, அல்லது தெளிந்து வந்தது மறுபடி சரிகிறது என்றால் நரம்பியல் டாக்டரையோ முதியோர் மருத்துவரையோ பாருங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று அவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். தைராய்டு, பி12, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.